பிளின்லிமன் மலை: எந்தப் பக்கமாக ஏறலாம்?

வணக்கம் நண்பர்களே. நடு வேல்ஸில் உள்ள பிளின்லிமன் மலைக்கு (752 மீட்டர்) அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். பெரும்பாலும் புல்மேடு, பாறையில் தொற்றி ஏறும் வேலை இல்லை என்பதால்தான் வேல்ஸின் மிக உயரமான மலையான ஸ்னோடனை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏ44 சாலையோரம் ஐஸ்தெத்வா கிரிக் பண்ணையிலிருந்து பழைய ஈயச் சுரங்கத் தடத்தில் ஏறுவது குறுகிய வழி. அங்கே சாலையே சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பாதி மலையைக் காரே ஏறிவிடும்! ஆனால் நான்ட்-அ-மோக் நீர்த்தேக்கப் பக்கமாகப் போனால், உச்சிக்கு வடக்கே ரெய்டோல் ஆறு பிறக்கும் ஏரியைப் பார்க்கலாம். என் கண் அதன் மேல்தான்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: மழைக்குப் பிறகு எந்த வழியில் சேறு குறைவு? முழங்கால் வலி உள்ளவருக்கு நான்ட்-அ-மோக் பக்கம் இறங்குவது சிரமமா? மூடுபனி இறங்கினால் உச்சியில் உள்ள கம்பிவேலியை ஒட்டியே நடந்து திரும்ப முடியுமா?

அப்புறம், அம்மாவுக்கு இதே மலையில் பிறக்கும் செவர்ன் ஆற்றின் ஊற்றைப் பார்த்தே ஆக வேண்டும். அதையும் ஒரே நாளில் சேர்க்கலாமா, இல்லை ஹாவ்ரென் காட்டு வழியாக இன்னொரு நாள் தனியாகப் போவது நல்லதா?