டேப்லெட்டில் 212 படிவம் தேங்கி நிற்கிறது, சர்வருக்குப் போகவில்லை

மேற்பார்வை: கிராம சுகாதாரப் பணியாளர்களின் இரண்டு டேப்களில் சிங்க் ஆகவில்லை, அதாவது நிரப்பிய படிவங்கள் சர்வருக்கு ஏறவில்லை. முதல் டேப்பில் 58 படிவம். அழுத்தியதும் "பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை" என்கிறது. இரண்டாவதில் 154, வரிசையாக 37 போய் நிற்கிறது, திரும்ப அழுத்தினாலும் 38-ஐத் தாண்டவில்லை. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

சர்வர்பக்கம்: வேண்டவே வேண்டாம். போகாத படிவம் டேப்பில் மட்டும்தான் இருக்கும். அன்இன்ஸ்டால், கிளியர் டேட்டா இரண்டுமே அதை அழித்துவிடும். சில ஆப்களில் லாக்அவுட் செய்தாலும் போய்விடும். கிளியர் கேஷ் வேறு, அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும், ஆனால் பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அதையும் தொடாதீர்கள்.

முதல் டேப்பில் தேதியைப் பாருங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்து கிடந்தால் கடிகாரம் பின்னே போய்விடலாம். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழின் செல்லுபடிக் காலம் அந்தத் தேதிக்கு இன்னும் தொடங்கியே இருக்காது, அதனால் இணைப்பை மறுக்கிறது. சிம் இல்லாத டேப்பில் தானியங்கி நேரம் உடனே வராது. கையால் சரிசெய்துவிட்டு அப்புறம் தானியங்கியை ஆன் செய்யுங்கள்.

மேற்பார்வை: தேதி 5 வாரம் பின்னால் இருந்தது. சரிசெய்ததும் 58-ம் போய்விட்டது. இரண்டாவதில் தேதி சரிதான்.

படிவம்வடிவமைப்பு: 38-வது படிவத்தில் போட்டோ இருக்கிறதா? மெதுவான சிக்னலில் நொடிக்கு 12 கேபி போகிறது என்று வையுங்கள். 3 எம்பி போட்டோவுக்கு 250 நொடி ஆகும். ஆப் 60 நொடியில் கைவிட்டால் மறுபடி முதலிலிருந்து, என்றைக்கும் முடியாது. பின்னால் நிற்கும் 116-ம் அதற்காகக் காத்திருக்கும். இப்போதைக்கு நல்ல வைஃபை உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், திரை அணையாமல் வைத்து அனுப்புங்கள். பேட்டரி சேமிப்பையும் ஆஃப் செய்யுங்கள்.

இனிமேலுக்கு, படிவத்திலேயே படத்தின் நீளப்பக்கத்தை 1024 பிக்சலாகக் கட்டுப்படுத்துங்கள். ஓடிகே (களத் தரவு சேகரிக்கும் மென்பொருள்) படிவம் என்றால் படக் கேள்வியின் பாராமீட்டர் நெடுவரிசையில் ஒரு வரி போதும். ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு இது உதவாது.

களப்பயிற்சி: அந்த 58 போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். வருகைத் தேதியை ஆப், டேப்பின் கடிகாரத்திலிருந்துதான் எடுத்திருக்கும். 32 வாரக் கர்ப்பிணி 27 வாரமாகப் பதிவாகியிருப்பார், அடுத்த பரிசோதனை நினைவூட்டலும் தவறான தேதிக்குப் போய்விடும். கடைசி மாதவிலக்குத் தேதியை நேரடியாகக் கேட்டு எழுதியிருந்தால் பிரசவத் தேதி சரியாகவே இருக்கும், அது அந்தத் தேதியோடு 280 நாள் கூட்டுவதுதான். "எத்தனை மாதம்" என்று கேட்டு ஆப்பையே கணக்குப் போடவிட்டிருந்தால் அதுவும் தப்புதான்.

படிவம்வடிவமைப்பு: ஆமாம். வருகைத் தேதி மாதவிலக்குத் தேதிக்கு முந்தியிருந்தால் படிவம் தடுக்கும். 5 வாரப் பிழையைப் பெரும்பாலும் அது கண்டுபிடிக்காது. சர்வருக்கு வந்த நேரத்தைக் கொண்டும் பிடிக்க முடியாது, ஆஃப்லைனில் தாமதம் சகஜம்.

சர்வர்பக்கம்: ஆப்போடு நோட்டிலும் எழுதுவது இரட்டை வேலை என்று நோட்டை நிறுத்தச் சொல்பவன்தான் நான். இந்த 58-க்கு மட்டும் நோட்டுதான் கதி.

மேற்பார்வை: வைஃபையில் மிச்சம் 117-ம் போய்விட்டது. 58-ல் 19 கர்ப்பிணிப் பதிவு. நோட்டிலிருந்து வருகைத் தேதி எடுத்துத் திருத்துகிறோம், 30 வாரம் தாண்டியவர்கள் முதலில்.