முதுகு புரொடெக்டர் கழுத்தில் ஏறுகிறது, உதவுங்கள்

தக்கலையில் இருந்து ஆரல்வாய்மொழிக்குத் தினமும் ஹிமாலயன் 411 பைக்கில் வேலைக்குப் போகிறேன். ஜாக்கெட்டுக்குள் இருக்கும் முதுகு புரொடெக்டரால், அதாவது விழுந்தால் முதுகைக் காக்கும் திண்டால், இரண்டு மாதமாகத் தொல்லை; அது லெவல் 2, லெவல் 1-ஐ விட அதிகப் பாதுகாப்புத் தரம். உட்கார்ந்ததும் அடிப்பக்கம் சீட்டில் முட்டுகிறது, மேல் விளிம்பு கழுத்தில் ஏறி ஹெல்மெட்டை இடிக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஆடும்போது தலையைத் திருப்பிப் பார்க்கவே முடியவில்லை, அதுதான் பயம்.

இடுப்புப் பட்டையை இறுக்கினேன், தளர்த்தினேன். ஒரு அளவு சிறிய ஜாக்கெட்டும் போட்டுப் பார்த்தேன், தோள் பிடித்தது. கழற்றிவிட்டு ஓட்டு என்கிறார்கள் நண்பர்கள், எனக்கு மனம் வரவில்லை. லெவல் 1-க்கும் மாற மாட்டேன். தரச் சோதனையில் அடி விழும்போது அதில் உடம்புக்குக் கடத்தப்படும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை இருக்கலாம், லெவல் 2-இல் அந்தச் சராசரி 9 வரைதான்.

இடுப்பிலிருந்து தோள் வரை என் அளவு 41 செ.மீ. இதற்குப் பொருந்தும் லெவல் 2 புரொடெக்டரை நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ எந்தக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கலாம்?