வாசலிலேயே ரயில் இருக்கும்போது பல்கலைக்கழக ஊழியருக்கு எதற்குத் தனி பஸ்?

ஆவடிவாசி: "சேப்பாக்கத்தில் வாசலிலேயே பறக்கும் ரயில் நிற்கிறது, சென்னைப் பல்கலைக்கழக ஊழியர்களுக்குத் தனி பஸ் எதற்கு" என்று மயிலைமணி எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கடற்கரை–எழும்பூர் நாலாவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் அந்த ரயிலே ஓடவில்லை. ஆவடி, திருவள்ளூர் பக்கமிருந்து சென்ட்ரலில் வந்து இறங்கி அந்த ரயிலுக்கு மாறுகிறவர்கள் அப்போது எப்படிப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

மயிலைமணி: பாதையைத்தான் திரும்பத் திறந்தாச்சே சார். வாசலில் ரயில் இருக்கிறதா, இல்லையா?

ஆவடிவாசி: மதுரவாயலிலும் இதே பல்கலைக்கழகத்துக்கு ஒரு வளாகம் இருக்கிறது. அங்கே எந்த ரயில்?

மயிலைமணி: கிண்டி வளாகத்துக்கு மின்சார ரயிலும் மெட்ரோவும் இருக்கு. தரமணி வளாகத்துக்குப் பறக்கும் ரயில் இருக்கு. நான் பேசியது சேப்பாக்கத்தைப் பற்றி.

ஆவடிவாசி: நான் கேட்டது மதுரவாயல்.

வடபழனி அக்கா: இரண்டு பேரும் ரயிலை விட்டு இறங்குங்கள். பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வரும் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அவர்களுக்கு அதுதான் கணக்கு. அவசரத்துக்கு டீலக்ஸும் ஏசியும் வந்து நின்றால் ஏற முடியுமா? பொழுது சாய்ந்தபின் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் தனியாகப் படியேறிப் பாருங்கள், ஆளரவமே இருக்காது.

மயிலைமணி: வந்துட்டாங்க இலவசத்தைத் தூக்கிக்கொண்டு. எங்கள் வரிப்பணம்.

வடபழனி அக்கா: அந்தப் பெண்கள் வாங்குகிற சோப்புக்கும் வரி கட்டுகிறார்கள் தம்பி.

மயிலைமணி: ஆண் ஊழியர் மட்டும் காசு கொடுக்கணுமா?

ஆவடிவாசி: பேச்சை மாற்றாதீர்கள். முன்பு நமக்குள் நடந்த வீட்டு வாடகைப்படி விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள், நான் மறக்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஆய்வகம் திறக்க வேண்டியவர் மூன்று வண்டி மாறி மதுரவாயல் போய்ச் சேர்கிறார். அவருக்கு என்ன பதில்?

மயிலைமணி: வாடகைப்படியில் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

திருவல்லிக்கேணி: சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் இருக்கிற சாயங்காலம் அந்த ரயிலில் ஏறிப் பாருங்கள், கதவில் கால் வைக்க இடமிருக்காது.

மயிலைமணி: கிரிக்கெட்டை ஏன் இழுக்கிறீங்க? சென்னைக்குக் கிடைத்த பெருமை அது.

ஆவடிவாசி: மதுரவாயல், மதுரவாயல், மதுரவாயல். பதில் வருகிறவரை தினமும் வந்து கேட்பேன்.

மயிலைமணி: கேளுங்க. முதலில் வாடகைப்படிக்கு நீங்க பதில் சொல்லுங்க.