சார்லஸ் காஸ்லி வாழ்ந்த வீட்டின் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

ஆகஸ்டில் மகளோடு இங்கிலாந்தின் கார்ன்வாலிலுள்ள லான்ஸ்டனுக்குப் போகிறேன், கவிஞர் சார்லஸ் காஸ்லியின் ஊர். அவர் வாழ்ந்த 'சைப்ரஸ் வெல்' வீட்டின் உள்ளே போக வழி தெரியாமல் நிற்கிறேன்.

பின்னணி இதுதான். 1917இல் காஸ்லி லான்ஸ்டனிலேயே பிறந்தார். முதல் உலகப் போர் உடலைக் கெடுத்து அனுப்பிய அப்பா 1924இல் இறந்துபோனார். இரண்டாம் போரில் கடற்படை வேலை, பிறகு சொந்த ஊரிலேயே பள்ளி வாத்தியார். கிழிந்த உடையும் பசியுமாக வகுப்புக்கு வரும் திமோதி வின்டர்ஸ் என்ற சிறுவனைக் கவிதையில் எழுத ஒரு வாத்தியாரால்தான் முடியும் என்று நினைக்கிறேன். மகளுக்கு 1970இல் வந்த அவரது 'ஃபிகி ஹாபின்' என்ற சிறுவர் கவிதைத் தொகுப்பு மனப்பாடம். அந்த ஊர் மேரி மக்தலேனா தேவாலயச் சுவரில் படுத்திருக்கும் கருங்கல் சிலையின் முதுகில் கல்லெறிந்து, அது அங்கேயே தங்கினால் அதிர்ஷ்டம் என்பார்கள். அதையும் அவர் பாட்டாக்கியிருக்கிறார். அவள் இப்போதே கல் பொறுக்கி வைத்திருக்கிறாள்!

இதுவரை செய்தது: மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. இணையத்தில் கிடைத்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. பார்வை நேரம் என்று தேடினால் பழைய தகவல்தான் வருகிறது. ஊருக்கு ரயில் இல்லாததால் எக்ஸிடரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்; கையில் ஒரே ஒரு பகல். தேவாலயமும், செயின்ட் தாமஸ் தேவாலயத்திலுள்ள அவர் கல்லறையும் எப்படியும் பார்த்துவிடுவோம்.

அண்மையில் அந்த வீட்டுக்குள் போனவர்கள் யாராவது இருந்தால், அனுமதிக்கு யாரைக் கேட்டீர்கள்?