மின்சாரக் காரில் பிரேக் கிரீச்சென்று கத்துகிறது, அவசரம்

நத்தம் ரோடு நந்தன்:
ஒரு வாரமாகப் பிரேக் கத்துகிறது. தெரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கிறது. சர்வீஸ் சென்டரில் நான்கு வீலுக்கும் கூடவே சுற்றும் டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் பேட் இரண்டையும் மாற்றணும் என்கிறார்கள். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானல் போகணும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

ஒத்தக்கடை ராசு:
என்ன வண்டி? எத்தனை கிலோமீட்டர்? சத்தம் முன்னாலா பின்னாலா? மிதிக்கும்போதா, சும்மா உருளும்போதா? கார் என்பதைத் தவிர ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

பழைய டீசல்:
பேட் மட்ட சரக்காக இருக்கும், வேறென்ன. டிஸ்கில் கொஞ்சம் எண்ணெய் ஸ்ப்ரே அடியுங்கள், சத்தம் அடங்கிவிடும்.

மின்வண்டி மீனா:
ஐயோ, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்! டிஸ்கில் எண்ணெய் பட்டால் பேட் அதைக் குடித்துவிடும், அப்புறம் பிரேக் பிடிக்காது. சத்தம் அடங்கும், சரிதான். வண்டியும் நிற்காது.

வைகை வாசி:
டிஸ்குக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அதற்கும் டிஸ்குக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கும். திருமங்கலம் பக்கம் சாலை வேலை நடந்த இடத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. ரிவர்ஸில் பத்தடி போனேன், மிளகு அளவு கல் 'டிக்' என்று விழுந்தது. எதற்கும் ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள்.

நத்தம் ரோடு நந்தன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம், சண்டை வரும். 19,000 கி.மீ. நான்கிலும் டிஸ்க். மெதுவாக மிதிக்கும்போதுதான் சத்தம், காலையில் அதிகம். பின்பக்கம் என்கிறார் மனைவி. கல் எதுவும் விழவில்லை.

ஸ்பானர் 12-13:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. சரி, கடைசியாக ஒருமுறை சொல்கிறேன். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது, அதுதான் ரீஜென். பேடுக்கு வேலை இல்லை. டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி ஈரம் போதும் துரு பிடிக்க. பெட்ரோல் வண்டியில் நாலு முறை மிதித்தால் அது உரிந்துவிடும். நீங்கள் மிதிப்பதே இல்லை. ரீஜென் எந்த லெவலில்? தினமும் எந்த வழி? வண்டி எங்கே நிற்கிறது? இதெல்லாம் முதல் வரியிலேயே வரவேண்டும்.

நத்தம் ரோடு நந்தன்:
ரீஜென் எப்போதும் அதிகபட்சம். ஊமச்சிகுளத்தில் இருந்து தல்லாகுளம், மதுரை நத்தம் ரோடு மேம்பாலம் வழியாக. வீட்டில் வேப்பமரத்தடி. மாமனார் தினமும் சாயங்காலம் போர் தண்ணீரில் கழுவி வைப்பார்.

மின்வண்டி மீனா:
அண்ணே, விடை அதிலேயே இருக்கிறது. அந்த மேம்பாலம் 7 கி.மீ.க்கு மேல், ஒரு சிக்னல் கிடையாது. பாலம் முழுக்கப் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். அதோடு ஈர டிஸ்க் ராத்திரி முழுக்க நிற்கிறது. ரிங் ரோட்டில் கூட்டம் இல்லாத நேரம் போங்கள். ரீஜெனைக் குறைத்துவிட்டு 60-ல் இருந்து 10 வரை நன்றாக மிதித்து இறக்குங்கள். நடுநடுவே ஆறவிட்டு எட்டு, பத்து முறை. கழுவினால் உடனே ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

ஒத்தக்கடை ராசு:
அதற்கும் அடங்காவிட்டால் காலிப்பர் பின், அதாவது பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர உதவும் கம்பி. வண்டியை ஓட்டிவிட்டு வந்து நான்கு வீலுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பின் இறுகி பேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டால் போதும்.

பழைய டீசல்:
கிரீஸ் என்றால் பேரிங்குக்குப் போடுவதுதானே? என்னிடம் ஒரு டப்பா சும்மா கிடக்கிறது.

ஸ்பானர் 12-13:
சும்மாவே கிடக்கட்டும். அது பெட்ரோலிய கிரீஸ், பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் ஊதிப்போகும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போடணும்.

பழைய டீசல்:
முப்பது வருடமாக அதைத்தான் போடுகிறேன், எந்த ரப்பரும் ஊதவில்லை.

ஸ்பானர் 12-13:
ஊதியதால்தான் பின் இறுகியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பழைய டீசல்:
என் வண்டி இன்னும் நாகர்கோவில் வரை போய் வருகிறது. உங்கள் வண்டி சார்ஜ் போட கப்பலூரில் நிற்கும்போது கை காட்டிவிட்டுப் போகிறேன்.

வைகை வாசி:
இருவரும் தனியாகப் பேசுங்களேன். நந்தன், கல் பார்த்தீர்களா?

மின்வண்டி மீனா:
கொடைக்கானல் பற்றி ஒன்று. மேலே ஹோட்டலில் 100 வரை சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் வேலை செய்யாது, பாரம் முழுக்க பேட் மேல் விழும். 70, 75-ல் கிளம்புங்கள். வத்தலக்குண்டு வருவதற்குள் அதுவே கொஞ்சம் ஏறியிருக்கும். காலிப்பர் பின் சரியாகாமல் மலை ஏறவே வேண்டாம்.

ஒத்தக்கடை ராசு:
நந்தன், என்ன ஆச்சு?

நத்தம் ரோடு நந்தன்:
ரிங் ரோட்டில் பத்து முறை மிதித்தேன். மூன்று வீல் அடங்கிவிட்டது. பின்பக்க இடது வீலில் மட்டும் அனல், காலிப்பர் பின் இறுகியிருந்தது. வெளி மெக்கானிக் ஒருவர் கழற்றி சிலிக்கான் போட்டுக் கொடுத்தார். பேட் இன்னும் 8 மில்லிமீட்டர் இருக்கிறதாம், எதையும் மாற்றவில்லை. நன்றி. மாமனாரிடம் கழுவவேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வைகை வாசி:
அப்போ கல் இல்லையா?