மகளின்ர கூட்டாளிகளுக்கு யூனி ஓஃபர் அன்கொண்டிஷனலா மாறிட்டுது, அவளுக்கு மட்டும் மாறேல்லை. என்ன அர்த்தம்?

ஹாரோ அம்மா | 6 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

வணக்கம். நாலு நாளா ஒழுங்கான நித்திரை இல்லை, அதுதான் இங்க எழுதுறன்.

மகள் நர்சிங் படிக்க யூகாஸில, அதாவது இங்கத்தை யூனிவர்சிட்டிகளுக்கான பொது விண்ணப்பத் தளத்தில, விண்ணப்பிச்சவள். ஒரு யூனியை ஃபேர்ம் (முதல் தெரிவு) எண்டும் இன்னொண்டை இன்சூரன்ஸ் (மாற்றுத் தெரிவு) எண்டும் வைச்சிருக்கிறாள். ரெண்டு ஓஃபருமே கொண்டிஷனல், கேட்ட நிபந்தனைகள் முடிஞ்சால்தான் இடம். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, ஏ லெவல் பெறுபேறு 14ஆம் தேதிதான். ஆனா கிளாஸ்கோவில இருக்கிற என்ர பெறாமகனுக்கு நேற்றே அன்கொண்டிஷனலா, நிபந்தனை இல்லாத உறுதியான இடமா, மாறிட்டுது. மகளோட ரியூஷனுக்கு வந்த பிள்ளைக்கு யூலையிலயே மாறிட்டுதாம். வகுப்பில ஆர்ட் செய்யிற பிள்ளைக்கு அதுக்கும் முன்னமே.

"யூனிக்கு மார்க்ஸ் முதலே தெரியுமாம் அம்மா, நான் ஃபெயில் எண்டபடியால்தான் மாத்தேல்லை" எண்டு அழுறாள். போனைத் தலகணிக்குக் கீழ வைச்சுப் படுத்து, மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி யூகாஸில விண்ணப்ப நிலை காட்டுற ஹப் பக்கத்தைப் பார்க்கிறாள். இது உண்மையா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

குரொய்டன் அண்ணா | இரவு 11.05

தங்கச்சி, முதல்ல பிள்ளையைச் சாப்பிட வையுங்கோ. அவள் நினைக்கிறது பிழை.

யூனிகளுக்கு ஏ லெவல் மார்க்ஸ் முதலே போறது உண்மைதான். ஆனா அது பெறுபேறு வாறதுக்குச் சில நாட்களுக்கு முன்னம் மட்டும். ஆரை எடுக்கிறது, ஆரை விடுறது எண்டு அவை முடிவு செய்ய நேரம் வேணும், அதுக்காக. அந்த நாட்களில வெளியில ஒரு சொல்லும் விடக்கூடாது. முடிவைப் போட்டாலும் 14ஆம் தேதி காலமை 8 மணிவரைக்கும் பிள்ளையின்ர ஹப்பில அது தெரியாது. என்ர ரெண்டு பெடியளுக்கும் இதே கதைதான், கடைசிக் காலமை மட்டும் கொண்டிஷனல் எண்டே நிண்டது. ரெண்டு பேரும் இப்ப படிச்சு முடிச்சிட்டாங்கள்.

கிளாஸ்கோ வாசி | 7 ஆகஸ்ட், காலை 7.20

அக்கா, உங்கட பெறாமகன்ர விசயம் லேசு. ஸ்கொட்லாந்தில யூனிக்குப் போக எழுதுற ஹையர் பரீட்சைப் பெறுபேறு 5ஆம் தேதி காலமையே வந்திட்டுது. இங்கத்தைப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்துக்கு ஒன்பது நாள் முந்தியே முடிவு தெரிஞ்சிடும். ஐஞ்சாம் வருச ஹையரிலயே கேட்ட மார்க்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு, ஆறாம் வருசம் படிக்கேக்கையே அன்கொண்டிஷனல் வாறதும் இங்க வழமை. அவனையும் உங்கட மகளையும் ஒரு தராசில வைக்காதேங்கோ.

ரெடிங் சித்தி | காலை 8.45

நான் தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். எங்க அண்ணன் பையன் திருச்சியில பிளஸ் டூ படிச்சான். ரிசல்ட் மே 8 வந்துச்சு. மார்க் ஷீட்டும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு ஸ்கோரும் அனுப்பினான், ஜூன்லயே அன்கண்டிஷனல் ஆயிடுச்சு. விசாவுக்கு வேண்டிய காஸ் நம்பர் அதுக்கப்புறம்தான் குடுத்தாங்க. கேட்ட பேப்பர் எல்லாம் கைக்குப் போய்ச் சேர்ந்தா மாத்துவாங்க, அவ்வளவுதான். மாறலைன்னா ஏதோ ஒரு பேப்பர் இன்னும் போகலைன்னு அர்த்தம். உங்க பொண்ணு விஷயத்துல அந்தப் பேப்பர் ஏ லெவல் ரிசல்ட். அழ வேண்டாம்னு சொல்லுங்க.

லெஸ்டர் அட்மிஷன் | பகல் 1.10

யூனி ஒன்றின் அட்மிஷன் பிரிவில் சில வருடம் வேலை செய்தேன். மற்ற இரண்டு பிள்ளைகளைப் பற்றி என் கணிப்பு இது. ரியூஷன் பிள்ளை போன வருடமே ஏ லெவல் முடித்து ஒரு வருடம் நின்று விண்ணப்பித்தவராக இருக்கலாம். மார்க்ஸ் கையில் இருக்கும், சான்றிதழைச் சரிபார்த்ததும் மாற்றிவிடுவார்கள். ஆர்ட் பிள்ளைக்குப் போர்ட்ஃபோலியோ பார்த்தே இடம் கொடுத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. "எங்களை ஃபேர்மாக வை, உடனே அன்கொண்டிஷனலாக மாற்றுகிறோம்" என்று யூனிகள் பிள்ளைகளை இழுத்த காலம் அது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 2013இல் 2,985 அன்கொண்டிஷனல் ஓஃபர்தான் போனது, 2018இல் 67,915. இடம் உறுதி என்றதும் பல பிள்ளைகள் படிப்பைத் தளர விட்டார்கள், எதிர்பார்த்த மார்க்ஸ் குறைந்தது. 2020 யூலையில் இங்கிலாந்தில் யூனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அந்த மாதிரி ஓஃபர்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது. ஆகவே முன்கூட்டியே அன்கொண்டிஷனல் வந்தால் கெட்டிக்காரப் பிள்ளை, வராவிட்டால் மட்டம் என்ற கணக்கே பிழை.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. மகள் நர்சிங் என்கிறீர்கள். நர்சிங் ஓஃபரில் மார்க்ஸ் மட்டும் நிபந்தனையாக இருக்காது. ஓஃபர் கடிதத்தில் இருக்கும் நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் இங்கே எழுதுங்கள்.

ஹாரோ அம்மா | மாலை 6.30

எல்லாருக்கும் நன்றி. ரியூஷன் பிள்ளையின்ர தாயைக் கேட்டன், நீங்கள் சொன்னது சரி, போன வருசம் எழுதினவதான்.

கடிதத்தில இருக்கிறது: ஏ லெவலில மூண்டு பி. அதுக்கு முந்தின ஜிசிஎஸ்ஈ பரீட்சையில கணிதமும் ஆங்கிலமும் கிரேட் 4க்குக் குறையாமல், சான்றிதழ் காட்ட வேணும். டிபிஎஸ் எண்ட குற்றப் பதிவுச் சோதனை. பிறகு தொழில்சார் உடல்நலப் பரிசோதனை எண்டு ஒண்டு.

மகளிட்ட டிபிஎஸ் முடிஞ்சுதோ எண்டு கேட்டன், முழிச்சாள். ஈமெயிலைத் தேடினால் ஸ்பாமுக்குள்ள யூனியின்ர ரெண்டு கடிதம், ஒண்டு 3 யூலை, மற்றது 21 யூலை. ரெண்டும் திறக்கேல்லை. எனக்குக் கை நடுங்குது.

லெஸ்டர் அட்மிஷன் | மாலை 7.05

நடுங்க வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் இதை 14ஆம் தேதிக்குத் தள்ளிப் போட வேண்டாம். அன்று அட்மிஷன் லைனில் ஆள் பிடிக்கவே ஏலாது.

நாளை வெள்ளி. காலை 9 மணிக்கே மகள் பேசட்டும். உங்கள் பெயரை அனுமதி பெற்றவராக யூகாஸில் போட்டிராவிட்டால் உங்களோடு பேச மாட்டார்கள். விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். எந்த நிபந்தனை திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். டிபிஎஸ் படிவத்துக்குக் கடைசி ஐந்து வருட முகவரி முழுக்க வேண்டும், ஒரு மாதம் விடுபட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். முன்பு வேறு பெயர் பாவித்திருந்தால் அதையும் எழுத வேண்டும். எங்கள் ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான்: பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, பள்ளிக்கூடத்தில் பின்னுக்கு.

டிபிஎஸ் முடியாமல் இருந்தால் சில யூனிகள் மார்க்ஸ் சரியென்றாலும் கொண்டிஷனல் என்றே வைத்திருக்கும். வேறு சில, இடத்தை உறுதி செய்துவிட்டு, பதிவுக்கு முன் தா என்று கேட்கும். உங்கள் யூனி எந்த ரகம் என்றும் கேட்கச் சொல்லுங்கள். இது தெரியாமல்தான் பெறுபேறு நாளில் மூன்று பி எடுத்த பிள்ளைகளும் ஹப்பைப் பார்த்து அழுவது.

ஹாரோ அம்மா | 12 ஆகஸ்ட், இரவு 9.15

வெள்ளிக்கிழமை யூனி லைனில இருபது நிமிசம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்து நிண்டு கதைச்சாள். நீங்கள் சொன்ன பெயர்ப் பிரச்சினைதான் எங்களுக்கும். நாங்கள் 2018இல பிரான்ஸில இருந்து வந்தனாங்கள். பிரெஞ்சுப் பாஸ்போட்டில இவரின்ர பெயர்தான் குடும்பப் பெயர், ஜிசிஎஸ்ஈ சான்றிதழில அதை முதல் பெயராய் அடிச்சிருக்கிறாங்கள். மே மாதம் போட்ட படிவம் அதாலதான் திரும்பி வந்திருக்கு, அதைச் சொல்லித்தான் அந்த ரெண்டு கடிதமும்.

சான்றிதழைத் தேடி வீடு முழுக்கக் கிண்டினம். கடைசியில வெம்பிளிச் சீலைக்கடைப் பைக்குள்ள, கரண்ட் பில்லுகளோட கிடந்தது. நேற்று நேரில போய்ப் பாஸ்போட், சான்றிதழ், கவுன்சில் வரிக் கடிதம் எல்லாம் காட்டினம். புதுப் படிவத்தில ரெண்டு பெயரும் எழுதி, 2021இல வீடு மாறின தேதியையும் போட்டு அனுப்பியாச்சு. இந்த யூனியில படிவம் போயிருந்தால் போதுமாம், மார்க்ஸ் சரியெண்டால் அன்கொண்டிஷனலா மாத்துவினமாம்.

குரொய்டன் அண்ணா | இரவு 9.50

மெத்தச் சந்தோசம் தங்கச்சி. ஒண்டை மட்டும் இப்பவே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கோ. ஃபேர்ம் அன்கொண்டிஷனலா மாறின உடன இன்சூரன்ஸ் தானா விழுந்திடும். பிறகு ஹப்பில இடத்தை வேண்டாம் எண்டு விடுற பட்டன் ஒண்டு தெரியும். அதை அமத்தினால் உறுதியான இடம் போய், நேர கிளியரிங்குக்குள்ள, மிச்ச இடங்களைத் தேடுற கட்டத்துக்குள்ள, விழுவா, திரும்பி எடுக்க ஏலாது. என்ர சின்னவன்ர கூட்டாளி ஒருத்தன் அது என்னெண்டு பார்க்க அமத்திப்போட்டு, அந்தப் பின்னேரம் முழுக்கப் போனும் கையுமா நிண்டவன்.

ஹாரோ அம்மா | 14 ஆகஸ்ட், காலை 9.30

உயிரியல் பி, உளவியல் பி, சமூகவியல் சி.

சியைப் பார்த்த உடன மகள் படியிலயே இருந்திட்டாள். நான்தான் ஹப்பைத் திறந்தன். அன்கொண்டிஷனல் எண்டு இருந்தது. மூண்டு தரம் வாசிச்சன், பிறகு இவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன். ஒரு பாடம் குறைஞ்சும் எடுத்திருக்கினம்.

லெஸ்டர் அட்மிஷன் | காலை 9.42

வாழ்த்துகள்! மகளுக்கும் சொல்லுங்கள். ஒரு கிரேட் குறைந்தாலும் இடம் மிச்சம் இருந்தால் எடுப்பார்கள், அப்போது அதுவும் அன்கொண்டிஷனல் என்றுதான் வரும், அதில் சந்தேகம் வேண்டாம். டிபிஎஸ் சான்றிதழ் மகள் பெயருக்குத் தபாலில் வரும், உறையோடு எறிந்துவிடாதீர்கள், யூனி மூலப்பிரதியைக் கேட்கும்.

ஹாரோ அம்மா | காலை 9.50

தபால்காரர் வாற நேரம் நான் வீட்டிலதான் நிப்பன். சீலைக்கடைப் பையையும் காலியாக்கி, பிள்ளையின்ர கடதாசி எல்லாத்தையும் ஒரு ஃபைலில போட்டாச்சு. மகள் இப்பதான் நித்திரையாகிறாள்.