பள்ளி வான் சுத்தம் செய்ய வக்கியூம் மெஷின் இரவல் வேணும்

திருகோணமலை உறவுகளே, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பிள்ளைகளை ஏற்றும் வான்களில் படிந்த சிகரெட் புகையை லீவு நாளில் சுத்தம் செய்து தரப் போறம். ஈரத்தையும் உறிஞ்சும் வக்கியூம் மெஷின் ஒன்று தேவை.

"பிள்ளைகள் ஏற முதல்தானே பத்தினனான்" என்று சாரதிமார் சொல்லுவினம். அது போதாது. நிக்கொட்டின் சீட்டிலும் கூரைத் துணியிலும் ஒட்டியிருந்து, வெயிலில் வான் சூடேற மீண்டும் காற்றில் கலக்கும். ஓடும்போது கண்ணாடியை இறக்கினாலும் புகை பின்சீட்டுக்குத் திரும்பும். சின்னப் பிள்ளைகள் பெரியாக்களை விட வேகமாக மூச்செடுக்கிறவை; இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு இது கடும் ஆபத்து.

முன்கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கோ, மஞ்சளாக வரும். அதையும் டாஷ்போர்டையும் சோப்புத் தண்ணியால் துடைக்க வேணும். சீட்டில் அப்பச்சோடா தூவி, ஓர் இரவு விட்டு உறிஞ்ச வேணும். கூரைத் துணியை நனைய விட்டால் பசை விட்டுத் தொங்கும், ஈரத்துணியால் ஒற்றினால் போதும். ஏசி பில்டரையும் மாற்ற வேணும், இல்லாட்டி மணம் திரும்பும். வாசனைப் போத்தல் மணத்தை மறைக்குமே தவிர நஞ்சை எடுக்காது.

இவ்வளவு செய்தும் முழுதாகப் போகாது. அதனால் இனி உள்ளே ஒருதரும் பத்தக் கூடாது என்று சாரதி உடன்பட்டால்தான் வேலை தொடங்குவம். புகைக்கிறதை நிறுத்த நினைக்கிறவை, அதற்கு உதவும் 1948 தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

மெஷின் உள்ளவையும், வானில் ஒட்ட "உள்ளே புகைக்கக் கூடாது" என்று தமிழ், சிங்களத்தில் ஸ்டிக்கர் அடித்துத் தரக்கூடியவையும் கீழே எழுதுங்கோ.